நடக்காமல் போன விபத்துகளைத் தேடி: மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை

வியாழன் – மதுரையிலிருந்து மண்டபம்

மானாமதுரை தாண்டும்போதே ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. சாலையோரச் சீமைக் கருவேலமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. பரமக்குடியில் பஸ் நின்றபோது ஒரு அம்மா பையில் பனங்கிழங்கும் கைக்குழந்தையுமாக ஏறினார். கண்டக்டர் கையிலிருந்த கருவியில் டிக்கெட் அடித்துக் கொடுத்தார். ஜிபே வழியாகப் பணம் அனுப்பிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்துகொண்டார். சில வருடங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் சில்லறைக்காக ஒரு சண்டை நடந்திருக்கும்.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பொறியாளர் வட்டத்தில் போக்குவரத்துத் துறையில் சாதித்தவர்களை அழைத்துப் பாராட்டுவது வழக்கம். இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு நுண்ணறிவுப் போக்குவரத்து. யாரைப் பாராட்டலாம் என்று உறுப்பினர்களிடம் பரிந்துரை கேட்டிருக்கிறார்கள். நண்பர்கள் சென்னை, கோவை, பெங்களூரு என்று பெயர்களை அனுப்பிக்கொண்டிருக்க, எனக்கு ராமநாதபுரம் கடற்கரை நினைவுக்கு வந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பிவிட்டேன்.

நுண்ணறிவுப் போக்குவரத்து என்பது பெரிய சொல்லாகத் தெரியும். அதன் உள்ளடக்கம் எளிமையானது. பாதையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கருவி உணர வேண்டும். அதை வைத்து ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டும். அந்த முடிவு வண்டி ஓட்டுபவருக்கோ பயணிக்கோ உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகையும், வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னலும் இந்த வகைதான். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் எங்கள் பஸ் சுங்கச்சாவடியைக் கடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் வில்லையைக் கருவி படித்ததும் தடுப்புக் கம்பு எழுந்தது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். அதற்கு முன்பு இதே இடத்தில் லாரிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலுள்ள 46.7 கிலோமீட்டரை நான்குவழிச் சாலையாக்க 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

உலக அளவில் இந்தத் துறைக்கென்று தனி மாநாடே இருக்கிறது. 1994இல் பாரிஸில் முதல் முறை கூடினார்கள். வாழ்நாள் சாதனையாளர், தொழில் நிறுவனம், உள்ளாட்சி அமைப்பு என்று பிரித்து அங்கே கௌரவிக்கிறார்கள். நம் நாட்டில் மத்திய நகர்ப்புற அமைச்சகம் நடத்தும் நகர்ப்புறப் போக்குவரத்து மாநாட்டில், சிறந்த நுண்ணறிவுப் போக்குவரத்து கொண்ட நகரத்துக்கு ஒரு விருது உண்டு. எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனாலும் அந்தப் பட்டியல்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தட்டுப்படும். கட்டியதற்கும் திறந்ததற்கும் விருது கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை ஒலித்து, அதற்கு மதிப்புக் கொடுத்து வண்டியை நிறுத்தி, அதனால் விபத்து நடக்காமல் போனால், அதை யார் மேடையேற்றுகிறார்கள்? நடக்காமல் போனதைப் புகைப்படம் எடுக்க முடியாது.

உச்சிப்புளி தாண்டியதும் பனைகள். மண்டபத்தில் இறங்கும்போது உதட்டில் உப்புக் கரித்தது. அறைக்குப் போய்ப் பையை வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் தாள்கள் பறந்தன, மூடிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளி – பாம்பன்

இந்தப் பயணத்தின் முக்கியமான நாள் இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் ஏறி நடுவில் போய் நின்றேன். 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்த பாலம். அதற்கு முன்பு ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். வடக்கே பாக் நீரிணை, இவர்கள் பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். ஆடி மாதத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாத அளவுக்குக் காற்று.

கீழே இரண்டு ரயில் பாலங்கள். பழையது 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதன் நடுவே கப்பல் போக இரண்டாகப் பிளந்து எழும் தூக்குப் பகுதி சுமார் 225 அடி. அந்த அமைப்புக்கு ஷெர்சர் என்று பெயர். சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளர் வடிவமைத்த உருளும் தூக்குப் பாலம் அது. அவர் 1893இலேயே இறந்துவிட்டார். அவருடைய பெயரைத் தாங்கிய நிறுவனத்தைத் தம்பி ஆல்பர்ட் எடுத்து நடத்தினார். பாம்பன் என்ற ஊர் இருப்பதே வில்லியமுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பெயர் இந்தக் கடலுக்கு மேலே நூறு வருடம் நின்றது. ஒரு புத்தாக்கத்துக்குக் கிடைக்கும் உண்மையான மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். பிறந்த ஊரிலிருந்து எங்கோ தள்ளி, வேறு மொழி பேசும் மக்களுக்கு அது தினமும் உழைக்கிறது.

அந்தத் தூக்குப் பகுதியைத் திறந்தவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். மோட்டார் கிடையாது. ஆட்கள் சேர்ந்து கையால் சுற்றித் திறப்பார்கள், முக்கால் மணி நேரம்போல ஆகும். நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். தாளம் தப்பாமல் சுற்றுவார்கள். அவர்களுடைய பெயரெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பழைய பாலத்தில் இருந்த காற்றுமானி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் சிக்னல் தானாகவே சிவப்புக்குப் போய்விடும். ரயில் மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்க வேண்டும். காற்று தணிந்த பிறகுதான் பச்சை. யோசித்துப் பாருங்கள். கருவி உணர்கிறது, வரம்பு தாண்டியதும் முடிவெடுக்கிறது, டிரைவருக்குச் சொல்கிறது. நுண்ணறிவுப் போக்குவரத்து என்று இன்று மாநாட்டு மேடைகளில் விளக்குவது இதைத்தான். பாம்பன் ரயில்வே ஊழியர்களுக்கு இது அன்றாட வேலை. காற்று கூடினால் ரயில் நிற்கும் என்பதை ராமேஸ்வரம் தீவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இன்னொரு நிகழ்வு, பலர் மறந்துவிட்டது. பழைய பாலத்தின் உடல்நிலையைக் கவனிக்கச் சென்னை ஐஐடி நிபுணர்கள் உணரிகள் பொருத்தியிருந்தார்கள். அதிர்வு எவ்வளவு, இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்பதை அவை பதிவு செய்துகொண்டே இருக்கும். 2022 டிசம்பரில் தூக்குப் பகுதியிலிருந்து ஆபத்து எச்சரிக்கை வந்தது. டிசம்பர் 23இலிருந்து பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பயணிகள் ரயில் அந்தப் பாலத்தில் ஓடவே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் எல்லா ரயிலும் மண்டபத்தோடு நின்றது. யாத்திரை வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். தீவின் வியாபாரிகள் வருத்தப்பட்டார்கள், திட்டினார்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று யாரும் சொல்லவில்லையே, அதுதான் என்னை உருக்குகிறது. சபரிமலை சீசன், அரையாண்டு விடுமுறை, கூட்டம் அலைமோதும் நேரம். ரயிலை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவருக்கு எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும்! என் பரிந்துரைப் பட்டியலில் முதல் இடம் அந்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் அந்த முடிவுக்கும்தான்.

புதிய பாலத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார். ரயில் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் கட்டியது. 2.08 கிலோமீட்டர் நீளம். 18.3 மீட்டர் அளவில் 99 கண்கள் (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகள்), நடுவில் 72.5 மீட்டரில் ஒரு தூக்குக் கண். இது பிளப்பதில்லை. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அப்படியே நேராக 17 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. கடலுக்கு மேல் இப்படி நேராக எழும் ரயில் பாலம் இந்தியாவில் இதுதான் முதல். கிணற்றில் வாளி இறைக்கும் ஏற்றத்தில் ஒரு முனையில் பாரம் வைப்பதுபோல, கோபுரங்களின் உள்ளே எதிர் எடைகள் தொங்குகின்றன. அதனால் சுமார் 660 டன் எடையுள்ள கண்ணைத் தூக்க மோட்டாருக்கு அதிக பலம் தேவைப்படுவதில்லை. முக்கால் மணி நேர வேலை ஐந்தாறு நிமிடத்தில் முடிகிறது. தூக்குக் கண் கீழே வந்து சரியாக உட்கார்ந்து பூட்டிக்கொண்டதை உறுதி செய்யாமல் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காதபடி இரண்டையும் பிணைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றுக்காகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாம்பன் பக்கத்தில் பாலம் வளைகிறது. அந்த வளைவு வழியாகத் தூக்குக் கண்ணை அங்குலம் அங்குலமாக நகர்த்தி நடுக்கடலுக்குக் கொண்டுபோனது பெரிய வேலை. அதில் உழைத்தவர்களை நினைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலைப் பாலத்தில் செல்ஃபி எடுக்க வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. "அங்கிள், எது சார் பழசு, எது புதுசு?" என்று பையன் கேட்டான். காட்டினேன். "பழசுதான் அழகா இருக்கு" என்றான் அவன். அவன் அப்பா, "இல்லடா, புதுசுதான் நம்மள இறக்கிவிட்டுச்சு" என்றார்.

சனி – ராமேஸ்வரம் துறைமுகம், பாம்பன் வடக்கு

அதிகாலையில் மீன்பிடித் துறைமுகம். பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். இதை மீன்வள விதி என்று மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இது போக்குவரத்து மேலாண்மையாகவும் தெரிகிறது. பெரிய வண்டியும் சின்ன வண்டியும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் போனால் சின்னதுதான் நசுங்கும், வலைதான் அறுபடும். அதனால் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு வரப் பேசி முடித்தவர்கள் ஊர்ப் பெரியவர்களும் சங்கத்துக்காரர்களும். அவர்களையும் புத்தாக்கம் செய்தவர்கள் என்றே எழுதப் போகிறேன்.

ஒரு விசைப்படகு டிரைவர் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். "அண்ணே, எங்க அப்பா காலத்துல நட்சத்திரத்தையும் கோவில் கோபுரத்தையும் பார்த்து வருவாங்க. இப்ப ஜிபிஎஸ் இல்லாம போட்டை எடுக்க மாட்டோம்" என்றார். கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் அவர் படகில் இருக்கின்றன. இந்தியா, இலங்கை எல்லைக் கோடு பற்றிக் கேட்டேன். 1974இலும் 1976இலும் போட்ட ஒப்பந்தங்களில் வரைந்த கோடு அது. கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது, திரையில்தான் தெரியும். "திரை சொல்லும். ஆனா நீரோட்டம் இழுக்கும்போதும், எஞ்சின் நின்னுபோனாலும், திரை என்ன பண்ணும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எச்சரிக்கை வந்த பிறகு திரும்பி வர ஒரு வழியும் இருக்க வேண்டும், உதவி வந்து சேரவும் வேண்டும். அப்போதுதான் அது முழுமையான அமைப்பு.

கைபேசி சிக்னல் கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டருடன் தேய்ந்துவிடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் எத்தனை உயிர் போனது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குறையைப் போக்கத்தான் 2019இல் ஜெமினி என்ற சின்னக் கருவியைக் கொண்டு வந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் அனுப்பும் புயல், அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய செய்தியை ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக அது வாங்கிப் படகில் இருக்கும் கைபேசிக்குத் தரும். பிறகு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் வந்தது. அதில் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம், ஆபத்து என்று பொத்தானை அழுத்தலாம். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 364 கோடி ரூபாய்த் திட்டம். ஒரு வழிச் செய்தியிலிருந்து இரு வழிச் செய்திக்கு வந்ததுதான் இங்கே உண்மையான முன்னேற்றம். கடலில் இருப்பவன் கேட்பவனாக மட்டும் இருந்தான், இப்போது சொல்பவனாகவும் ஆகிறான்.

மதியம் பாம்பனில் கடல் ஓசை 90.4 பண்பலை பக்கம் போனேன். 2016 ஆகஸ்ட் 15இலிருந்து மீனவர்களுக்காக ஒலிக்கும் சமுதாய வானொலி. காற்று, அலை உயரம், வானிலை எல்லாவற்றையும் இவர்கள் பேசும் தமிழிலேயே சொல்கிறார்கள். அறிவிக்கை எழுதும் தமிழ் வேறு, வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் நிற்கும் தமிழ் வேறு. கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய தகவல் இந்தக் கடைசி அடியில் தவறினால் எல்லாம் வீண். வலை காயப் போட்டிருந்த இடத்தில் ஒரு பெரியவர் சின்ன ரேடியோவைத் தோளோடு அணைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, இதை நம்பிக் கடலுக்குப் போவீங்களா?" என்று கேட்டேன். "இதையும் கேப்பேன், மேகத்தையும் பாப்பேன். ரெண்டும் ஒண்ணாச் சொன்னாத்தான் போவேன்" என்றார். தகவலை ஒன்றுக்கு இரண்டு வழியில் சரிபார்ப்பது பொறியாளர்களுக்குப் பாடத்தில் வருவது. இவருக்கு அது பழக்கம்.

பாம்பன் துறைமுக அலுவலகத்தின் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் பார்த்தேன். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றம் என்று சிறு வயதிலிருந்து செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மொத்தம் 11 எண்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்கும். ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில். எட்டு முதல் பத்து வரை பெரும் ஆபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது, மோசமான வானிலைதான் என்று எடுத்துக்கொள். தகவல் வராததையும் ஒரு தகவலாக்கி அதற்கொரு எண் கொடுத்தவரை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. இன்றைய செயலிகள் பலவற்றில் இந்தப் பதினொன்றாம் எண் கிடையாது. சிக்னல் போனால் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல.

ஞாயிறு – தனுஷ்கோடி

காலையிலேயே போய்விடுங்கள் என்று அறைக்காரர் சொன்னார். அப்படியும் கார் வரிசை தொடங்கியிருந்தது. அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் புதுச் சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அதே நாளில்தான் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தையும் திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் கோடு போட்டதுபோலச் சாலை. ஒரு வண்டி பழுதாகி நின்றால் பின்னால் எல்லாம் நிற்க வேண்டியதுதான். முகப்பிலேயே எத்தனை வண்டி உள்ளே போனது, எத்தனை திரும்பியது என்று கேமரா எண்ணி, நிறைந்துவிட்டால் ராமேஸ்வரத்திலேயே பலகையில் காட்டி நிறுத்தினால் போதும். தொழில்நுட்பம் புதிதில்லை. இந்த மாதிரி ஒற்றை வழி ஊர்களுக்குத்தான் அது முதலில் வர வேண்டும். ஆம்புலன்ஸ் ஒன்று இந்த வரிசையில் மாட்டினால் என்ன ஆகும் என்ற நினைப்பு வழியெல்லாம் என்னை விடவில்லை.

பழைய ரயில் நிலையத்தின் சுவர்கள், மாதா கோவிலின் எஞ்சிய பகுதி. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடித்தார்கள். ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டில் இணைந்திருந்த பாதை. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் சென்னையில் கொண்டுவந்தார்களே, அந்த எண்ணம் 1914இலேயே இந்த மணலில் நடந்துகொண்டிருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நீண்ட விசில் கொடுத்து வண்டி நகர்ந்ததாகச் சொல்கிறார்கள். அலை வந்து பெட்டிகளைப் புரட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. அந்த டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கிடைத்த தகவல் இருட்டு மட்டும்தான். அணைந்த சிக்னலைப் பார்த்துத் தானே முடிவெடுக்க வேண்டிய நிலையில் எந்த டிரைவரையும் விடக் கூடாது. நான் படித்ததும் வேலை செய்ததும் இந்த ஒன்றுக்காகத்தான் என்று அந்த மண்மேட்டில் நின்றபோது தோன்றியது.

அதே புயல் பாம்பன் பாலத்தின் 126 கண்களை அடித்துக்கொண்டு போனது. ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பியது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் என்று கணக்குப் போட்டது, மேலதிகாரி மூன்று மாதம் என்று குறைத்தார். பொறுப்பேற்ற 32 வயது ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். ரயில்வே அமைச்சர் விருது கிடைத்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ, 2008இல் பத்ம விபூஷண் என்று அவர் உயர்ந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 46 நாளுக்குள் ஒரு திருப்பம் இருக்கிறது. அடித்துப்போன கர்டர்கள், அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்கள், கடலடியில் கிடக்கின்றன என்ற தகவல் உள்ளூர் மீனவர் ஒருவர் மூலம் வந்தது. அவற்றை மேலே எடுத்து மறுபடியும் பொருத்தினார்கள். நாடு முழுக்கத் தேடி இரும்பு வரவழைத்திருந்தால் 46 நாள் என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. ஸ்ரீதரனின் பெருமை அந்தத் தகவலைக் காது கொடுத்துக் கேட்டதில் இருக்கிறது. அந்த மீனவருக்கு விருது கொடுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

மாலை ஐந்து மணிபோல போலீஸார் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். திரும்பும் வரிசை ராமேஸ்வரம் வரை நீண்டது.

திங்கள் – ராமேஸ்வரம், ராமநாதபுரம், ரயிலில்

ராமேஸ்வரத்தில் ரயில் ஏறிப் புதிய பாலத்தைக் கடந்தேன். ஜன்னலோரத்தில் எல்லோரும் கைபேசியோடு. ரயில் தூக்குக் கண்ணைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தது. அந்தச் சில நொடிகள் பெட்டியே அமைதியானது. எதிரில் இருந்த பாட்டி கைகூப்பினார்.

ராமநாதபுரத்தில் இறங்கிக் காவல்துறையில் வேலை செய்யும் ஒரு உறவினரைப் பார்த்தேன். விபத்து நடந்த இடத்திலேயே நின்று டேப்லெட்டில் பதிவு செய்யும் ஐராட் முறையைக் காட்டினார். சென்னை ஐஐடியும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கியது. தொடக்கத்தில் சோதனைக்கு எடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இடம், நேரம், சாலையின் வளைவு, வெளிச்சம் எல்லாம் பதிவாகிறது. ஒரே வளைவில் புள்ளிகள் குவிந்தால் அங்கே சாலையில்தான் கோளாறு என்று தெரியும், செத்தவன் மேல் பழி போட்டுவிட்டு நகர முடியாது. "மாமா, முன்னெல்லாம் எஃப்ஐஆரோட முடிஞ்சிடும். இப்ப ரோடு போடுறவங்களும் இதைப் பாக்கணும்" என்றார். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 108 ஆம்புலன்ஸும் இதுவும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், தொண்டி பக்கம் இரவில் மாடுகளும் லாரிகளும் சேர்ந்து செய்யும் விபத்துகளை அவர் சொல்லச் சொல்ல மனம் கனத்தது. இதைத் தனியாக ஒருநாள் விரிவாக எழுத வேண்டும்.

மதுரை திரும்பும் ரயிலில் பரிந்துரைப் படிவத்தை நிரப்பினேன். பழைய பாலத்தின் கண்காணிப்புக் குழுவும் ரயிலை நிறுத்திய முடிவும். பாம்பனில் காற்றுமானியையும் சிக்னலையும் பராமரித்த ஊழியர்கள். புதிய தூக்குக் கண்ணை வளைவு தாண்டி நகர்த்திய அணி. கடல் ஓசை. படகுக்கு இரு வழிச் செய்தி தந்த இஸ்ரோ விஞ்ஞானிகள். சாதனையாளர் பெயர் என்ற இடத்தில் ஒருவர் பெயர் எழுதத்தான் கோடு போட்டிருந்தது. தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, இதனால் எது நடக்காமல் போனது என்று ஒரு பத்தியும் எழுதியிருக்கிறேன். அடுத்த முறையிலிருந்து படிவத்திலேயே அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கடிதமும் வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு பகுதி இன்னும் காலியாக இருக்கிறது. பழைய தூக்குப் பாலத்தைக் கையால் சுற்றித் திறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இல்லை 1965 தொடக்கத்தில் கடலிலிருந்து கர்டர் எடுத்த வேலையில் இருந்தவர்களின் குடும்பத்தார் யாராவது மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாதக் கடைசி வரை பரிந்துரை அனுப்பலாம். பெயர் கிடைத்தால் முதல் தாளிலேயே சேர்த்துவிடுவேன்.